நடந்து வரும் பிள்ளைகளுக்கு மட்டும்

கோயம்புத்தூரில் வீடு பார்க்கிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, சிறுவாணித் தண்ணீர் வருமா என்பதுதான். வரும் என்றால் சுவர் வெடித்திருந்தாலும் வாங்குவார்கள். வராது என்றால் அரண்மனையே ஆனாலும் "பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வார்கள். தொண்ணூற்றைந்தாம் வருஷம் நானும் என் மனைவி ரங்கநாயகியும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டோம்.

என் பெயர் லட்சுமணசாமி. கணபதிப் பகுதியில் ஒரு பம்புசெட் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் இருக்கிறேன். வருகிற சாமான் அளவுக்குள் இருந்தால் பச்சை மை, இல்லாவிட்டால் சிவப்பு மை. பதினாலு வருஷமாக இதுதான் வேலை. அளவுகோல் ஒன்று சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் கேட்டுக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பின்னால் நடந்ததற்கெல்லாம் பாதிக் காரணம் இந்தப் பழக்கம் என்று நினைக்கிறேன்.

எங்கள் மகள் நவ்யாவுக்கு அப்போது நாலு வயது. பதினோரு பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போகும் ஒரு ஆட்டோவில் எல்.கே.ஜி. போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் அந்த ஆட்டோ ரயில்வே கேட் பக்கத்தில் சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை, நவ்யாவின் ஒரு ஷூ மட்டும் காணாமல் போயிற்று. அன்று சாயங்காலம் அந்த மிச்ச ஷூவை மடியில் வைத்துக்கொண்டு ரங்கநாயகி சொன்னாள். வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. அவள் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "ஒண்ணாங்கிளாஸ் சேக்கறதுக்குள்ள ஊடு மாத்தோணும். பள்ளிக்கூடம் நடந்து போற தூரத்துல இருக்கோணும். மத்தியானம் மணியடிச்சா புள்ள ஊட்டுக்கு வந்து சுடுசோறு தின்னுட்டுப் போகோணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் கேட்டது அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பேப்பருக்குள் ஒரு நோட்டீஸ் வந்து விழுந்தது. 'சரவணம்பட்டி அருகில் ஞானவாவி நகர். வெளிநாட்டு முறைப்படி வீட்டுமனை தேர்ந்தெடுங்கள். ஒன்று, பள்ளி. இரண்டு, பல்வகை மக்கள். மூன்று, நடை.' கீழே, ஞானவாவி மெட்ரிகுலேஷன் பள்ளி அறக்கட்டளை என்று போட்டிருந்தது. தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்களுக்கும் அது உறைக்கவில்லை.

அறக்கட்டளையின் தலைவரும் பள்ளியின் கரஸ்பாண்டென்டும் ஒருவரே. அப்புசாமி என்று பெயர். பள்ளி, மனை எல்லாம் ஒரு காலத்தில் அவருடைய சோளக்காடு. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, எதிரில் யார் நின்றாலும் எழுந்து கும்பிடுகிற மரியாதை. அந்த ஆபீசில் யாரும் யாரிடமும் 'இல்லை' என்று சொல்லி நான் கேட்டதில்லை. டீ கொடுப்பார்கள். இரண்டாவது டீ கொடுத்தால் இல்லை என்று அர்த்தம். இது எனக்குத் தெரிய ஒரு வருஷம் ஆயிற்று.

"வாங்க, உக்காருங்க, அம்மணி நீங்களும் உக்காருங்க," என்றார். "என்ற மாப்பிள்ளை அமெரிக்காவுல இருக்கறாருங்க. அங்கெல்லாம் ஊடு பாக்கறப்ப மொதல்ல பள்ளிக்கூடம் பாப்பாங்களாமுங்க. அப்பறம் சுத்தியும் எல்லா வகைச் சனமும் இருக்குதான்னு பாப்பாங்களாம். அப்பறம் நடந்து போக முடியுமான்னு பாப்பாங்களாம். நானு போன்லயே கேட்டு அத்தனையும் எழுதிப்போட்டனுங்க. நம்ம பள்ளிக்கூடத்துல நடந்து வர்ற புள்ளைக்குத்தான் சீட்டு. ஆட்டோ, வேனு, டி.வி.எஸ். ஒண்ணும் ஆகாதுங்க. நடக்காத சனம் உருப்படாதுங்க."

ரங்கநாயகி என்னைப் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

பேசி முடித்ததும் சாப்பாட்டு நேரம் என்று அவர் எழுந்தார். அவருடைய வீடு பள்ளி கேட்டுக்கு நேர் எதிரே. காரில் ஏறினார். கார் பின்னால் வந்து, திரும்பி, ரோட்டைக் கடந்து, எதிர் கேட்டுக்குள் நுழைந்தது. வாட்ச்மேன் இரண்டு பக்கமும் சல்யூட் அடித்தான்.

மனை கேட்டால் கொடுத்துவிட மாட்டார்கள். பல்வகைக் குழு நம்மைப் பார்க்க வேண்டும். ஆபீஸ் சுவரில் பெரிய சார்ட் ஒன்று மாட்டியிருந்தார்கள். மொத்தம் நாற்பத்தெட்டு மனை. விற்றது முப்பத்தாறு. அதில் முப்பத்து மூன்று அப்புசாமியின் சொந்தக்காரர்கள். ஆனால் சார்ட்டில் முப்பத்து மூன்றும் ஒரே நிறத்தில் இல்லை. ஏழெட்டு வண்ணத்தில் இருந்தன.

"எல்லாரும் ஒரே சனமாட்டத் தெரியுமுங்க," என்றார் அப்புசாமி. "ஆனா வேற வேற கூட்டமுங்க. ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொலசாமி வேற. அது மஞ்ச, இது பச்ச. எத்தன வகை, பாருங்க! மாப்பிள்ளைக்கு போட்டோ எடுத்து அனுப்புனேன். அசந்துபோயிட்டாராம்."

சார்ட்டில் 'தெலுங்கு' என்ற கட்டம் காலியாக இருந்தது. நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் என்றதும் அவர் முகம் மலர்ந்ததற்கு அதுதான் காரணம் என்று எனக்கு அப்போது புரிந்தது. ஆனால் ஒரு சங்கடம். குழுவில் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பாத்தா எங்களாட்டவே இருக்கறீங்க? பேசறதும் எங்களாட்டவே இருக்குதே?" என்றார். எங்கள் குடும்பம் பல தலைமுறையாக இந்த மண்ணில் பருத்தி போட்டது, அப்புறம் ஆலை வேலைக்கு வந்தது, வேறு எப்படிப் பேசுவது என்று கேட்டேன். அதெல்லாம் சரி, அத்தாட்சி வேண்டும் என்றார்கள்.

குழுவில் யாருக்கும் தெலுங்கு தெரியாது. மனைப்பிரிவில் கிணறு தோண்ட நெல்லூர்ப் பக்கமிருந்து வந்திருந்த ராமுலுவைக் கூப்பிட்டார்கள். அவர் கடப்பாரையை வாசலில் சாய்த்துவிட்டு, காலில் சேற்றோடு நின்றார். நான் என் வீட்டுத் தெலுங்கில் பத்து நிமிஷம் பேசினேன். சிறுவாணித் தண்ணீரைப் பற்றி, பம்புசெட்டைப் பற்றி, மகளைப் பற்றி. ராமுலு பொறுமையாகக் கேட்டார்.

"இதி தெலுகா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். "கொஞ்சம் கொஞ்சம் தெலுகு சார்," என்று முடித்தார்.

'பகுதித் தெலுங்கு' என்று பைலில் எழுதி, யுகாதிக்கு மாவிலைத் தோரணம் வெளியே தெரிகிற மாதிரி கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு, சார்ட்டில் எங்களுக்கு ஆரஞ்சு நிறம் கொடுத்தார்கள். ராமுலு குடும்பம் மனைப்பிரிவுக்குள்ளேயே ஒரு தகரக் கொட்டகையில் மூன்று வருஷமாக இருந்தது. மனைவி, நவ்யா வயதில் ஒரு பெண். அவரை ஏன் சார்ட்டில் சேர்க்கவில்லை என்று கேட்டேன். "அவரு வேலைக்கு வந்தவருங்க," என்று சொல்லி எனக்கு இரண்டாவது டீ கொடுத்தார்கள்.

வெளியே நகரின் முகப்பு ஆர்ச்சுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஜபருல்லாவிடம் டி.வி.எஸ்.சுக்குக் காற்றுப் பிடித்தேன். அவருடைய பெயரைச் சார்ட்டில் பார்த்த ஞாபகம். "நீங்களும் இங்கதான் மனை வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"நானு ரெண்டு வருசமா அந்தச் சார்ட்டுல இருக்கறனுங்க," என்றார் பம்பை அடித்தபடியே. "சைட்டு கேட்டேன். ரெண்டு டீ குடுத்தாங்க. குடியரசு தினத்துக்கு மட்டும் போட்டோவுக்குக் கூப்புடுவாங்க. தொப்பி போட்டுட்டு வரச் சொல்லுவாங்க. என்றகிட்டத் தொப்பி இல்லீங்க, அவிங்களே வெச்சிருக்கறாங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நாற்பத்தொன்றாம் நம்பர் மனையை எடுத்தோம். மனையின் பின் எல்லைதான் பள்ளியின் காம்பவுண்டு. வரைபடத்தில் எங்கள் மனைக்கு நேர் பின்னால் சுவரில் ஒரு சிறு கேட் குறித்திருந்தது. அதிலிருந்து ஒன்றாம் வகுப்பு அறுபது தப்படி. நானே காலால் அளந்தேன். ரங்கநாயகி தன் நகையைக் கொடுத்தாள், நான் பி.எப்.பை எடுத்தேன், வீடு எழும்பியது. சமையலறையைப் பின்பக்கமாக வைக்கச் சொன்னாள், பிள்ளை வருவது ஜன்னலில் தெரிய வேண்டும் என்று. மேஸ்திரி புகை போகாது என்றார். அவள் கேட்கவில்லை.

கூரை போட்ட மாதத்தில் பள்ளிக்கு ஒரு வாஸ்து நிபுணர் வந்தார். தென்மேற்கு மூலையில் கேட் இருந்தால் பத்தாம் வகுப்பு ரிசல்ட் அந்த வழியாக வெளியே போய்விடும் என்றார். ஒரே வாரத்தில் கேட்டை அடைத்து, சுவரை மூன்றடி உயர்த்திவிட்டார்கள். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு அப்புசாமி சுவர்க்கடிகாரம் ஒன்றோடு வந்து, சமையலறை ஜன்னல் வழியாகச் சுவரைப் பார்த்தார். "செவுரு ஒசந்தது உங்களுக்குத்தானுங்க நல்லது. தூசி வராது," என்று சொல்லி இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஏப்ரலில் நடைத் தேர்வு. அதற்கென்று நஞ்சப்பன் என்பவர் இருந்தார். சர்வே துறையில் சங்கிலி இழுத்து ரிட்டையர் ஆனவர். கழுத்தில் விசில், கையில் நீளக் காம்பு வைத்த அளவுச் சக்கரம், வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. விதி இதுதான்: பிள்ளை தன் வீட்டு வாசலிலிருந்து பள்ளி கேட்டுக்குப் பதினைந்து நிமிஷத்தில் தன் காலால் நடந்து வர வேண்டும். தூக்கக் கூடாது. கைபிடிக்கலாம், இழுக்கக் கூடாது. மிட்டாய் காட்டக் கூடாது.

இப்போது பள்ளிக்கு ஒரே கேட். வடகிழக்கில், சத்தியமங்கலம் ரோட்டுப் பக்கம். எங்கள் தெருவின் மறுகோடி முட்டுச்சந்து. எனவே முன்பக்கம் போய், ஆர்ச்சைத் தாண்டி, ரோட்டோரமாகத் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நஞ்சப்பன் விசிலடித்தார். சக்கரம் முன்னால், நவ்யா நடுவில், நாங்கள் பின்னால். அவள் புது ஷூ போட்டிருந்தாள். முதல் அரைக் கிலோமீட்டர் பாட்டுப் பாடிக்கொண்டு போனாள். வழியில் ஆட்டுக்குட்டி ஒன்றைப் பார்த்து நின்றாள். நஞ்சப்பனும் நின்றார், ஆனால் கடிகாரம் நிற்கவில்லை. கடைசியில் அவள் பாட்டும் நின்றுவிட்டது.

இரண்டு கிலோமீட்டர் அறுநூறு மீட்டர். ஐம்பத்திரண்டு நிமிஷம்.

நஞ்சப்பன் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டினார். "கண்ணு, நீ நல்லாத்தான் நடந்த. தூரம்தான் செரியில்ல," என்றார். எனக்கு ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். சிவப்பு மையில் எழுதியிருந்தது.

குழுவிடம் போனேன். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு அளவை எதிர்த்துப் பேசினேன். "செவுத்துக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடமுங்க. நீங்க மணியடிச்சா எங்கூட்டு டம்ளர் அதிருதுங்க," என்றேன்.

"மணி அதும்பாட்டுக்கு வருமுங்க," என்றார் அப்புசாமி பணிவாக. "புள்ளதான நடந்து வரோணும்?"

சுவரில் ஒரு சின்னக் கதவு? வாஸ்து. ஏணி? சுவரேறிக் குதிப்பது ஒழுக்க விதி ஒன்பதின்படி டிஸ்மிஸ். சேராத பிள்ளையை எப்படி டிஸ்மிஸ் செய்வீர்கள் என்று கேட்டேன். சேர்த்துவிட்டு டிஸ்மிஸ் செய்யலாம், ஆனால் சேர்க்க நடைச் சான்று வேண்டும் என்றார்கள். இரண்டாவது டீ வந்தது. நான் ஒருமுறைகூடச் சத்தம் போடவில்லை. அத்தனை பேர் எழுந்து கும்பிடுகிற இடத்தில் யாரைப் பார்த்துச் சத்தம் போடுவது?

குழு ஒரு சலுகை தந்தது: ஒரு மாதம் பயிற்சி எடுத்துக்கொண்டு மறுதேர்வுக்கு வரலாம். ரங்கநாயகி தினமும் காலையில் நவ்யாவைக் கூட்டிக்கொண்டு அந்த இரண்டு கிலோமீட்டர் அறுநூறு மீட்டரை நடந்தாள். ஐம்பத்திரண்டு நாற்பத்தைந்தானது. நாற்பத்தைந்து முப்பத்தெட்டானது. ஆட்டுக்குட்டி வந்தால் நவ்யா இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. குதிகாலில் கொப்புளம் வந்தபோது ரங்கநாயகி வேப்பெண்ணெய் தடவினாள். நான் சாயங்காலம் வந்து, இன்று எத்தனை நிமிஷம் என்றுதான் கேட்டேன்.

மறுதேர்வில் அவள் இருபத்தாறு நிமிஷத்தில் கேட்டைத் தொட்டாள். மூச்சு வாங்கியது. சிரித்தாள். நஞ்சப்பன் வருத்தத்தோடு சீட்டை எடுத்தார். மூன்று இடத்தில் இரண்டு காலும் ஒரே சமயத்தில் தரையில் இல்லை. அது ஓட்டம், நடையில் சேராது. நடந்திருந்தாலும் பதினைந்துக்குள் வரவில்லை. இரண்டு காரணங்களையும் தனித்தனி வரியில் எழுதினார்.

ஜூன் நெருங்கியது. டவுனில் மற்றப் பள்ளிகளில் சீட்டு முடிந்துவிட்டது. கடைசியாக ஒருமுறை ஆபீசுக்குப் போனோம். எங்கோ ஆனைமலையிலிருந்தும் மதுக்கரையிலிருந்தும் வந்த இரண்டு அப்பாக்கள் சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"அவிங்க புள்ளைக எப்படீங்க நடக்குது?" என்று கேட்டேன்.

"ஹாஸ்டலுங்க," என்றார் அப்புசாமி. "ஹாஸ்டல் வாசல்ல இருந்து கிளாசுக்கு நாப்பது தப்படி. ஆனமலைக்காரப் புள்ளைகெல்லாம் பொடி நடையா வந்துருதுங்க. நீங்கதான் ரொம்பத் தூரத்துல இருக்கறீங்க." கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே எங்களுக்கு உதவ வேண்டும் என்ற நினைப்பு அவர் முகத்தில் தெரிந்தது. "ஏனுங்க, நீங்களும் ஹாஸ்டல்ல உட்டுப்போட்டா என்னங்க? நடைப் பிரச்சனையும் தீந்துது. ஹாஸ்டல்லயும் தெலுங்குக் கட்டம் காலியாத்தான் கெடக்குது. எங்க தத்துவமே புள்ளைகள ஊட்டுக்குப் பக்கத்துல வெக்கறதுதானுங்க. உங்கூட்டுக்கு இத்தன பக்கத்துல வேற எந்த ஹாஸ்டல் இருக்குது, சொல்லுங்க?"

நான் மனசுக்குள் அளந்து பார்த்தேன். நாற்பது தப்படி. பதினைந்து நிமிஷத்துக்குள். அளவுக்குள் இருந்தது. என் கை தானாகப் பேனாவைத் தேடியது. ரங்கநாயகி பாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் வேண்டாம் என்று சொல்லுவாள், நான் நிறுத்திவிடலாம் என்று காத்திருந்தேன். நான் சொல்லுவேன் என்று அவள் காத்திருந்ததாகப் பிறகு சொன்னாள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். டீயைக் குடித்துவிட்டு வந்தோம்.

ஜூன் பத்தாம் தேதி டிரங்குப் பெட்டி, பக்கெட், போர்வையோடு நவ்யாவை விட்டுவிட்டு வந்தோம். ஹாஸ்டல் ஜன்னல்கள் எல்லாம் வாஸ்துப்படி வடக்கே பார்த்தவை. எங்கள் பக்கம் ஹாஸ்டலின் முதுகுதான். காலையில் பிரேயர் கேட்கும். மத்தியானம் மணியடிக்கும், டம்ளர் அதிரும். நூறு பிள்ளைகள் ஒன்றாகத் தட்டை வைக்கிற சத்தம் கேட்கும். அதில் எது அவள் தட்டு என்று ரங்கநாயகி முதல் வாரம் காது கொடுத்துப் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

ராமுலுவின் பெண்ணை ஆர்ச்சுக்கு எதிரே இருக்கும் பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஏழு நிமிஷம். நான் அளந்தேன், ஆனால் ஜூலையில்தான் அளந்தேன். அதற்கு முன்னால் அப்படி ஒரு பள்ளி இருப்பதே எங்கள் கண்ணில் படவில்லை. இங்கிலீஷ் மீடியம் இல்லாத பள்ளியை நாங்கள் பள்ளி என்று எண்ணவே இல்லை. இதற்கு அப்புசாமியைக் குற்றம் சொல்ல முடியாது. இது எங்கள் சொந்தச் சார்ட். மத்தியானம் அந்தப் பெண் செருப்பில்லாமல் குதித்துக்கொண்டு எங்கள் வாசல் வழியாகச் சாப்பிட வீட்டுக்குப் போகும். அந்த நேரத்தில் ரங்கநாயகி முன்பக்க ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

பெற்றோர் பார்க்க அனுமதி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை. ஜூலையில் முதல் தடவையாகப் போனோம். டி.வி.எஸ்.ஸில் போகலாம் என்றேன். நடக்கலாம் என்றாள் ரங்கநாயகி. தூக்குப்போசியில் சூடாகச் சாதம், துணி சுற்றி. ஆர்ச், ரோடு, தோட்டம் எல்லாம் சுற்றிக் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சாதம் ஆறியிருந்தது. வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள் என்று அங்கே போனபிறகு தெரிந்தது.

வார்டன் மயிலாத்தாள் தங்கமான மனுஷி. ரெஜிஸ்டரை நீட்டி, "எங்கிருந்துங்க வாரீங்க? வேர்த்து ஊத்துதே, ரொம்பத் தூரமுங்களா?" என்று கேட்டு, இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தார்.

நவ்யா வந்தாள். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். குட் ஆஃப்டர்நூன் சொன்னாள். வளாகத்தில் வீட்டுப் பேச்சுப் பேசினால் அபராதம். தெலுங்கு யுகாதி அன்று மட்டும்தான், அதுவும் மேடையில். அவள் ரங்கநாயகியின் மடியில் உட்காரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தாள். தனக்கு நடையில் நட்சத்திரம் கிடைத்திருப்பதாகச் சொன்னாள். சட்டையில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று குத்தியிருந்தது. ரங்கநாயகி அவள் குதிகாலைத் தடவிப் பார்த்தாள். கொப்புளம் ஆறியிருந்தது.

நேரம் முடியப்போகிறது என்று நஞ்சப்பன் விசில் அடித்தார். நவ்யா சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு என் காதருகே வந்து, எங்கள் கொஞ்சம் கொஞ்சத் தெலுங்கில், யாருக்கும் கேட்காதபடி கேட்டாள்: நம் வீடு இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று.

அவள் முதுகுக்குப் பின்னால் கட்டடம், அதற்குப் பின்னால் சுவர், சுவருக்குப் பின்னால் எங்கள் சமையலறை. ரங்கநாயகி என்னைப் பார்த்தாள். கையை நீட்டிக் காட்டியிருக்கலாம். காட்டினால் பிள்ளை தினமும் ராத்திரி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு படுக்குமே என்று பயமாக இருந்தது. அதுதான் காரணம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

"இரண்டு கிலோமீட்டர் அறுநூறு மீட்டர்," என்றேன்.

அவள் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். ஒன்றாம் வகுப்பில் அப்போது நூறு வரைக்கும்தான் நடத்தியிருந்தார்கள்.